பந்தை வாங்குகிற கை

இல்லை அக்கா, நான் சண்டை போடவில்லை. கேள்விதான் கேட்டேன். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் பாட்டை இவ்வளவு சத்தமாகக் கேட்க யாருக்கு ஆசை என்று கண்டக்டர் நம்மில் ஒருவரையாவது கேட்டாரா? "ஏம்மா, இது என்ன உங்க வீட்டுப் பஸ்ஸா?" என்கிறார். "உங்க வீட்டுப் பஸ்ஸும் இல்லையே அண்ணாச்சி" என்றேன். இது சண்டையா? நீங்களே சொல்லுங்கள். கடைசியில் குறைத்தார் இல்லையா. கேட்டால்தான் குறைப்பார்கள். எனக்கு ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டே அலுத்துவிட்டது அக்கா. இந்த ஒரு வருஷமாக நான் கேட்காத ஆள் இல்லை.

எனக்காகக் கேட்கவில்லை. அதோ பாருங்கள், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். கையைக் கழுத்தோடு கட்டிப் போட்டிருக்கிறாளே, அவளுக்காக. இசக்கியம்மாள். என் ரூம்மேட். காலையிலிருந்து மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வருகிறோம். கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்றுதான் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். சேர்ந்தாற்போல் இரண்டு சீட் இருந்தது. கையை வைத்துக்கொள்ள இடம் வேண்டும் என்று அவளாகவே முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் விட்டுவிட்டேன்.

கீழே எல்லாம் விழவில்லை அக்கா. விளையாட்டில் வந்தது. கிரிக்கெட் இல்லை. த்ரோபாலும் இல்லை. எல்லாரும் இந்த இரண்டைத்தான் கேட்பார்கள். பேஸ்பால். ஆமாம், அமெரிக்காக்காரன் ஆடுவதுதான். இங்கேயும் ஆடுகிறோம், பெண்களும் ஆடுகிறோம், எங்கள் யுனிவர்சிட்டிக்கு டீமே இருக்கிறது. அது எங்கள் யுனிவர்சிட்டியில் இருப்பவர்களுக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்?

நடுவில் ஒரு மண்மேடு இருக்கும். அதன்மேல் நின்று பந்தை எறிகிறவள் பிட்சர். எதிரே ஒருத்தி மட்டையோடு நிற்பாள். அவளுக்குப் பின்னால், முகத்தில் கம்பி மாஸ்க்கும் இடது கையில் தோசைக்கல் அளவு கிளவுஸும் மாட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருப்பவள் கேட்சர். இசக்கி பிட்சர். நான் கேட்சர். எந்தப் பந்து போட வேண்டும் என்று கேட்சர்தான் விரலால் சொல்வாள், தொடைக்கு நடுவே மறைத்துவைத்து. ஒரு விரல் என்றால் வேகப் பந்து. இரண்டு விரல் என்றால் வளைந்து விழுகிற பந்து, கர்வ் என்போம். பிடிக்காவிட்டால் பிட்சர் தலையை ஆட்டலாம், வேறு கேட்கலாம். இசக்கி ஒருநாளும் ஆட்டியதில்லை. நான் எதைக் கேட்டாலும் போடுவாள். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை அக்கா. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து அந்த அம்மாவுக்கு முதுகு போய்விட்டது. ஸ்கூலில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவளை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பி.ஏ.வுக்கு எங்கள் யுனிவர்சிட்டியில் எடுத்தார்கள். நான் எம்.ஏ. அரசியல் அறிவியல். முதல் நாள் அவள் எறிந்த பந்தை நான்தான் வாங்கினேன். கிளவுஸில் விழுந்த சத்தத்துக்கு ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி. என் உள்ளங்கை இரண்டு நாள் சிவந்து கிடந்தது. அன்றைக்கே சொன்னேன், "ஏட்டி, உனக்கு இதுலயே வேலை கிடைக்கும்."

கிடைக்கும் அக்கா. அமெரிக்காவில் பிட்சரென்றால் பங்களா, கார் என்று என்னென்னவோ சொல்வார்கள். நம் ஊரில் பந்து எறிந்து பிழைக்க ஒரே வழிதான். சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பெண்கள் டீம் வைத்திருக்கிறார்கள். அதில் எடுத்துவிட்டால் ரிடையர் ஆகும் வரை உத்தியோகம். காலையில் மைதானம், மத்தியானம் ஃபைல். இசக்கிக்கு ஆசை அவ்வளவுதான். "அம்மைய தீப்பெட்டி ஆபீஸ்லேருந்து நிறுத்திப்புடணும். அது போதும் எனக்கு" என்பாள். அந்த டீமில் இந்த வருஷம் ஒரு பிட்சர் இடமும் ஒரு கேட்சர் இடமும் காலி. ஆமாம், கேட்சரும் உண்டு. அது வேறு விஷயம். நான் இசக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிரச்சினை ஜூலையிலேயே ஆரம்பித்தது. எங்கள் பி.டி. மேடம், கிரேஸ்லின் என்று பெயர், டீமுக்கு கோச்சும் அவர்தான், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பயந்தவர். ஒருநாள் வந்து, "இந்த வருஷம் ரெண்டு பிட்சர். இசக்கி நாலு இன்னிங்ஸ், அபிநயா மூணு இன்னிங்ஸ்" என்றார். ஒரு மேட்சுக்கு ஏழு இன்னிங்ஸ் அக்கா. அபிநயா யார் தெரியுமா? சிண்டிகேட் மெம்பர் மகள். பிராக்டிஸுக்கு காரில் வந்து இறங்குவாள். டிரைவர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார். பந்து நேராகத்தான் போடுவாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேகம்? என் கிளவுஸில் ரோஜாப்பூ விழுந்த மாதிரி இருக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேடம், எந்த அடிப்படையில மூணு இன்னிங்ஸ்?" என்று கேட்டேன்.

"ஒரே பிள்ளை எல்லா மேட்சும் போட்டா கை போயிரும்மா."

"கை போயிருமா, இல்ல யாருக்காவது கோபம் வந்துருமா?"

மேடத்தின் முகம் விழுந்துவிட்டது. நான் விடவில்லை. ஹாஸ்டல் முழுக்க நடந்து கையெழுத்து வாங்கினேன். தகுதிக்கு இடம் கொடு, செல்வாக்குக்கு இடம் கொடுக்காதே என்று நான்கு பக்கம் எழுதி வைஸ் சான்சலருக்கு மனு. பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாதவர்கள் நூற்றுப்பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். இசக்கியும் போட்டாள். படித்துப் பார்க்காமலே போட்டாள். அவளுக்கு இந்த நியாயம் அநியாயம் எல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும் அக்கா. அன்றைக்குச் சொல்கிறாள், "அபியும் கொஞ்சம் போட்டா எனக்கும் நல்லாத்தான இருக்கும், கொடி?" கொடி நான்தான், பொற்கொடி. எனக்கு வந்ததே கோபம். "இப்படி விட்டுக் குடுத்து விட்டுக் குடுத்துத்தான் நம்ம சனம் பின்னாலயே கிடக்கு" என்றேன்.

ஜெயித்தேன். மேடம் என்னைக் கூப்பிட்டு, "சரிம்மா. இனிமே பிட்சர் விஷயத்தை நீயே பாத்துக்கோ" என்றார். ஒரு பி.டி. மேடம், ஒரு மாணவியிடம் இப்படிச் சொல்கிறார் என்றால் என்ன அர்த்தம்? தோற்றுப்போனார் என்று அர்த்தம்.

தண்ணீர் குடிக்கிறீர்களா அக்கா? இதோ. எனக்கும் தொண்டை வறண்டுவிட்டது. சாத்தூர் தாண்டிவிட்டோமா? காராச்சேவு விற்றுக்கொண்டு ஒரு ஆளும் ஏறவில்லையே.

நவம்பரில் மண்டலப் போட்டி. ஐந்து மேட்ச். ஐந்திலும் இசக்கிதான், தொடக்கத்திலிருந்து முடிவு வரை. கர்வ் போட்டால் ஒருத்தியாலும் தொட முடியாது. தலைக்கு நேராக வந்து முழங்காலில் இறங்கும். இரண்டு விரல், இரண்டு விரல், இரண்டு விரல் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் கேட்சராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். கேட்டதும் விழுகிறதே!

பிறகு ஜனவரியில் வடக்கே அகில இந்தியப் போட்டி. போக இரண்டரை நாள் ரயில். முன்பதிவு பாதிப் பேருக்கு உறுதியாகவில்லை, கழிவறை வாசலில் கிட்பேக்கின் மேல் தூங்கினோம். அதைப் பற்றியும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இறங்கினால் பத்து மணி வரை பனிமூட்டம். பந்து கண்ணுக்குத் தெரியாது, வந்து விழுந்தால்தான் தெரியும். அந்தக் குளிரில் மூன்று நாளில் நான்கு மேட்ச் போட்டாள் அக்கா. கால் இறுதி ஜெயித்தோம். அரை இறுதியில் ஒரே ரன்னில் தோற்றோம். மறுநாள் காலையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். முதல் மூன்று இடத்துக்கும்தான் வேலைக்குச் செல்லுபடியாகிற சர்டிபிகேட். நான்காவது இடத்துக்குக் கைதட்டல்.

அந்த ஆட்டத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அதில்தான் அவளுக்குக் கை போனது என்று இன்றைக்குக் காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிட்சர் களைத்துப்போனாளோ என்று சந்தேகம் வந்தால் கோச் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மண்மேட்டுக்கு நடந்து வருவார். கேட்சரும் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். மூன்று பேரும் நிற்போம். கோச் பிட்சரின் தோளில் கையை வைப்பார், ஆனால் கேட்பது கேட்சரிடம். ஏனென்றால் எந்தப் பிட்சரும் முடியாது என்று சொல்லமாட்டாள். பந்தில் உயிர் இருக்கிறதா இல்லையா என்பது வாங்குகிற கைக்குத்தான் தெரியும். அதனால் கேட்சர் சொல்வதுதான் பேச்சு. வெளிநாட்டில் இத்தனை பந்துக்கு மேல் போடவிடக் கூடாது என்றெல்லாம் எண்ணுகிறார்களாம். எங்களுக்கு எண்ண ஆள் ஏது?

மூன்றாவது இன்னிங்ஸில் மேடம் வந்தார். "என்ன பொற்கொடி, தாங்குவாளா?"

"தாங்குவா மேடம்."

ஐந்தாவதில் மறுபடியும் வந்தார். அபிநயா ஓரத்தில் நின்று கையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள், எப்போது கூப்பிடுவார்கள் என்று. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். இவ்வளவு தூரம் இசக்கி இழுத்து வந்த வண்டியில் கடைசி இரண்டு இன்னிங்ஸ் ஏறி உட்கார்ந்து இவள் பேர் வாங்குவாளா? "தாங்குவா மேடம்" என்றேன். இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர் அப்படி.

ஆறாவதில் சத்தம் மாறியது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கிளவுஸில் விழுகிற சத்தம். தேங்காய் விழுந்த இடத்தில் ஈரத் துணி விழுகிற மாதிரி. எனக்குத் தெரிந்தது. ஆனால் பனியில் பந்துத் தோல் நனைந்திருக்கும் அல்லவா? அதுவும் ஒரு காரணம்தானே? கேட்சர்களுக்கு ஒரு வித்தை தெரியும் அக்கா. பந்து வந்து சேருகிற நேரத்தில் கிளவுஸை லேசாக முன்னால் தள்ளி, நடுப் பள்ளத்தில் வாங்கினால், மெதுவான பந்துகூட 'டப்' என்று பேசும். அப்படி வாங்கினேன். மேடம் பெஞ்சில் உட்கார்ந்து சத்தத்தைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்? நல்ல சத்தமாகக் கேட்கட்டும் என்று. அவளுக்காக நான் அதுகூடச் செய்தேன். யார் செய்வார்கள், சொல்லுங்கள்?

கடைசி இன்னிங்ஸில் மேடம் மூன்றாம் தடவை வந்தார். இந்தத் தடவை இசக்கியிடமே கேட்டார். "உனக்கு எப்படிடா இருக்கு?" இசக்கி மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சும்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு எப்போதுமே சட்டென்று பேச வராது. அதனால் நான்தான் சொன்னேன். "இன்னும் மூணே அவுட்டு மேடம். தாங்குவா."

தாங்கினாளா இல்லையா? மூன்று அவுட்டும் எடுத்தாள். மூன்றாம் இடம். எல்லாரும் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தோம். அவள் வலது கையை மட்டும் உயர்த்தவே இல்லை. ஃபோட்டோவில் பாருங்கள், இதோ, எல்லாருக்கும் இரண்டு கையும் மேலே. அவளுக்கு இடது கை மட்டும்.

திரும்பி வந்து ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. டிரயல்ஸுக்கு அழைப்பு. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவள் கடிதத்தை இடது கையால் பிரித்தாள். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முந்தாநாள் ரூமில் தண்ணீர் வாளியைத் தூக்கினாள், அப்படியே கீழே போட்டுவிட்டாள். தண்ணீர் எல்லாம் என் புத்தகத்தின் மேல். "என்னட்டி?" என்றேன். "பிடிக்க முடியல" என்றாள். அதுதான் இன்றைக்கு மதுரைக்குக் கூட்டிப்போனேன். டிரயல்ஸுக்கு இன்னும் பதினோரு நாள்.

டாக்டர் சின்ன வயசு. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எப்பலேருந்து வலி?"

"ஜனவரியிலேருந்து சார். பன்னிரண்டாம் தேதி மேட்ச்" என்றேன்.

"எறியும்போது வலியா, எறிஞ்ச பிறகா?"

"எறிஞ்ச பிறகுதான் சார். அதுவும் குளிர்னால."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க ரெண்டு பேர்ல யாருக்கும்மா முழங்கை வலி?"

நகைச்சுவையாம். அப்புறம் இசக்கியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளையே கேட்டார். அவள் சொல்கிறாள் அக்கா, "தீபாவளிக்கு முன்னாடியிருந்து வலிக்கு சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீபாவளிக்கு முன்னாடியா? மண்டலப் போட்டிக்கே முன்னால்! கூடவே படுத்து எழுந்திருக்கிற என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் முன்னாலேயே கேட்டேன், "ஏட்டி, ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்லா."

"எப்ப சொன்ன?"

"கிரவுண்டுல தண்ணி டேங்குக்குக் கீழ உக்காந்திருக்கும்போது. நீ தைலம் குடுத்த. வலி இல்லாத பிட்சர் உலகத்துலயே கிடையாதுன்ன."

அது சொன்னதா அக்கா? 'கை ஒரு மாதிரி இருக்கு' என்று ஒருநாள் சொன்னாள், ஞாபகம் இருக்கிறது. ஒரு மாதிரி இருக்கு என்பதும், லிகமெண்ட், அதுதான் மூட்டைப் பிடித்திருக்கிற நார், கிழிந்துவிட்டது என்பதும் ஒன்றா? ஒரு விஷயத்தைச் சொன்னால் தெளிவாகச் சொல்ல வேண்டாமா? நானாக எப்படிப் புரிந்துகொள்வது?

பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறதாம். முழங்கையின் உள்பக்கம். ஒரு வருஷத்துக்கு எதையும் எறியக் கூடாது. ஆபரேஷன் செய்தாலும் பழைய வேகம் வருமா என்பது சந்தேகம். செய்யாமல் எறிந்தால் குடம் தூக்கக்கூடக் கை உதவாது. நான் அவ்வளவு லேசில் விடுவேனா? "சார், பதினோரு நாள்தான். ஒரே ஒரு டிரயல்ஸ். இருபது பந்து. ஒரு ஊசி போட்டு, ஃபிட்டுன்னு சர்டிபிகேட் குடுத்தாப் போதும். வேலைக்கு எடுத்த பிறகு ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்றேன்.

"ஊசி போட்டா வலி தெரியாது. கிழிசல் தெரியாமப் போயிருமா?"

"சார், நீங்க பேஸ்பால் பாத்திருக்கீங்களா?"

"பேஸ்பால் பாத்ததில்லம்மா. முழங்கை நிறைய பாத்திருக்கேன்."

இப்படிப் பேசுகிறவர்களிடம் என்ன வாதாடுவது? ஒரு பெண்ணின் வாழ்க்கை, ஒரு குடும்பம், எல்லாம் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. ஏழை எளியவர்கள், சமூக நீதி என்று நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இசக்கி எழுந்து, "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். நான் உள்ளே பேசி முடித்துவிட்டு வந்தால் மரத்தடியில் நின்று யாருக்கோ ஃபோன் செய்துகொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு என்று நினைத்தேன். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதாலாவது நான் ஏதாவது சொல்லலாம்.

ஆனால் நான் விடப்போவதில்லை அக்கா. மேடம்மேல் புகார் எழுதப் போகிறேன். கோச் என்று எதற்கு இருக்கிறார், ஒரு பிள்ளைக்குக் கை கிழிகிறது என்று தெரியாமல்? மூன்று தடவை நடந்து வந்தாரே, ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா?

கோவில்பட்டி வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்கும் என்கிறார். நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். எனக்கு வேண்டாம். நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன்.

வாருங்கள் அக்கா. டீ நன்றாக இருந்ததா? உட்காருங்கள். கிளம்பிவிட்டான் பாருங்கள், பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு எட்டு நிமிஷத்தில். கேட்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது?

அவள் இறங்கிவிட்டாள்.

ஆமாம், இசக்கிதான். நீங்கள் கீழே போனதும் எழுந்து என்னிடம் வந்தாள். இடது தோளில் பை. "நான் இங்கயே இறங்கிக்கிடுதேன், கொடி" என்றாள். "ஹாஸ்டல்ல உன் சாமானெல்லாம்?" என்றேன். "அண்ணன் வந்து எடுத்துக்கிடுவான்." "அப்ப டிரயல்ஸ்? வேற டாக்டரப் பாப்போம்ட்டி. திருநெல்வேலியில ஒருத்தர் இருக்காரு."

"அபி போறா."

எனக்குப் புரியவில்லை. "எந்த அபி?"

"எத்தனை அபி இருக்கா? மதுரையிலேருந்தே மேடத்துக்கு ஃபோன் பண்ணிட்டேன். எனக்குக் கை போச்சு, அபி பேரை அனுப்புங்கன்னேன். மேடம் சென்னைக்குப் பேசிட்டாங்க. சரின்னுட்டாங்களாம்."

அந்த மரத்தடி ஃபோன். அவள் அம்மாவுக்கு இல்லை. எவளைப் பெஞ்சில் உட்கார வைக்க நான் நூற்றுப்பத்துக் கையெழுத்து வாங்கினேனோ, அவளுக்கு இவளே இலை போட்டுப் பரிமாறுகிறாள். "உனக்கு வெக்கமா இல்லையா? அவளுக்கு என்ன குறை? அவளுக்கு எதுக்கு அந்த வேலை? உங்க அம்மைய யாரு நிறுத்துவா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பஸ்ஸில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. "அம்மைகூட நானும் போவேன். இடது கையாலயும் தீப்பெட்டி அடுக்கலாம்" என்றாள். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்! அப்புறம், "நீ டிரயல்ஸுக்குப் போ. அவளுக்கும் கேட்சர் வேணும்லா. உனக்கு வேலை கெடைச்சா நல்லதுதான்" என்றாள். போகிறவள் போக வேண்டியதுதானே? படிக்கட்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. அபி தனக்கு வலிக்குன்னு சொன்னா, வலிக்குன்னே எடுத்துக்கோ. மேடம் கேட்டா அப்படியே சொல்லு."

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டாள்.

இதற்கு என்ன அக்கா அர்த்தம்? நான் என்னவோ பொய் சொன்ன மாதிரி. ஜெயிக்க வேண்டிய ஆட்டம், அவள் ஜெயிக்க வேண்டிய ஆட்டம், அதில் எனக்கு என்ன லாபம்? என்னிடம் மூன்று பதில் இருந்தது. வரிசையாக வைத்திருந்தேன். ஒன்று, என்னைக் கேட்டபோது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு... இரண்டாவது என்ன, இப்போது மறந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் எட்டயபுரம் பஸ் நிற்கிற பக்கம் நடந்து போய்விட்டாள்.

டிரயல்ஸுக்குப் போகத்தான் போகிறேன். போகாவிட்டால் தப்பு என்மேல் என்று ஆகிவிடும். அதுவும் இல்லாமல், நான் அங்கே உள்ளே போனால்தானே நாளைக்கு இசக்கி மாதிரிப் பிள்ளைகளுக்காக ஏதாவது பேச முடியும்? சரிதானே?

இருங்கள், ஃபோன். மெசேஜ். பார்த்தீர்களா, நினைத்தேன், அபிநயாதான். மேடம் அதற்குள் சொல்லிவிட்டார் போல. படிக்கிறேன் கேளுங்கள். 'அக்கா, ரொம்ப வருத்தமா இருக்கு. இசக்கிக்கு எப்படி இருக்கு? பிராக்டிஸ் எப்ப ஆரம்பிக்கலாம்? எனக்கு மூணு நாளா காய்ச்சல், இன்னைக்குத்தான் விட்டிருக்கு. ரெண்டு நாள் கழிச்சு ஆரம்பிச்சாப் பரவாயில்லையா?'

காய்ச்சலாம். பதினோரு நாள் இருக்கிறது, அதில் இரண்டு நாள் போனால் ஒன்பது. அவள் ரோஜாப்பூவைக் கல்லாக்க ஒன்பது நாள் போதுமா? இந்தக் காரில் வருகிறவர்களே இப்படித்தான்.

பதில் போட்டுவிட்டேன். 'நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வந்துரு. லேசா ஆரம்பிப்போம். தாங்குவ.'

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? இசக்கி சொன்னது வலியைப் பற்றித்தானே. காய்ச்சலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையே.